ஊர்ப்பெயர் உப்பன்று, கரைந்து போவதற்கு!

ஓர் இனத்தின் நிலத்தைக் கைக்கொள்ள நினைப்பவன் முதலில் அந்நிலத்தின் பெயரைக் கைக்கொள்கின்றான். வேலி இடுவதும், எல்லைக்கல் நடுவதும், படை நிறுத்துவதும் அதன் பின்னரே நிகழ்வன. பெயரை இழந்தவன் தன் நிலத்தின் மேல் உரிமை கொண்டாட வருங்கால், 'எந்த நிலம்?' என்று வினவப்பட்டால், மாற்றான் இட்ட பெயரைத்தான் அவனால் விடையாகச் சொல்ல முடியும். அதைச் சொன்ன அளவிலேயே அவன் தன் வழக்கில் பாதி தோற்றவன் ஆகின்றான்.

இவ்வுண்மையைக் காணப் பெருநகரங்களைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரத்தில் கிடக்கும் மரக்காணத்து உப்பளக் கரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களுமே போதிய சான்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரையும் உந்துகளிலிருந்து பார்ப்போர்க்கு அங்கே தெரிவன வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்கள் மட்டுமே. அக்குவியல்களுக்கு அடியில் ஈராயிரம் ஆண்டுத் தமிழ் புதைந்து கிடக்கின்றது என்பதைப் பலர் அறியார். அறிந்த சிலரும் அதனைப் பழங்கதை என்று ஒதுக்கி விடுகின்றனர். பழங்கதையன்று, இற்றை நாள் வாழ்வும் சாவும் அதில் அடங்கியுள்ளன.

நிலம் இட்ட பெயர்கள்

கிழக்கே கடல். கடலை ஒட்டி மணல்மேடு. மேட்டின் மேல் மீனவர் குடியிருப்புகள். அவற்றுக்கு மேற்கே கழியும் கால்வாயும். கழியை அடுத்துப் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். தென்மேற்கே விரிந்து கிடக்கும் கழுவெளி. அதற்கும் மேற்கே ஏரிப்பாசன ஊர்களும் செம்மண் மேட்டு நிலங்களும். அப்பால் திண்டிவனம், மயிலம் பக்கத்துப் பாறைக் குன்றுகள். ஒரு பகற்பொழுதில் நடந்து கடக்கத்தக்க இத்தொலைவிற்குள் நெய்தலும் மருதமும் முல்லையும் குறிஞ்சியின் சாயலும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன.

மழைக்காலத்தில் மேற்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் நன்னீர் கழுவெளியில் வந்து தங்கும். கோடையில் அந்நீர் வற்றும். இடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறும். இவ்வாறு ஓராண்டிற்குள் நன்னீரும் உவர்நீரும் மாறி மாறி ஆளும் நிலம் இது. தமிழகத்தில் பழவேற்காட்டிற்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு இதுவே என்பர். பூநாரையும் உள்ளானும் கடல்கடந்து வந்து இரை தேடுவதும் இங்கேதான்.

இந்நிலத்திற்குப் பெயரிட்டவர்கள் அரண்மனையில் அமர்ந்து பெயரிட்டவர்கள் அல்லர். சேற்றில் காலூன்றி நின்று பெயரிட்டவர்கள். கழி என்றனர், அது கடல்நீர் புகுந்து மீளும் ஓடை. வெளி என்றனர், அது மறைப்பின்றி விரிந்த பரப்பு. திட்டு என்றனர், அது நீர் நடுவே எழுந்து நிற்கும் மணல். மேடு என்றனர், அது வெள்ளம் ஏறாத இடம். கூனிமேடு, பனிச்சமேடு என்னும் ஊர்கள் இன்றும் இருக்கின்றன. கூனி என்பது கரையோரத்து மக்கள் உலர்த்தி உண்ணும் சிற்றிறால். பனிச்சை என்பது ஒரு மரம். மேடு என்று ஓர் ஊருக்குப் பெயர் வைத்தவன் வெள்ளத்தைக் கண்டவன். தன் மக்கள் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதையும் எங்கே குடியிருக்கக் கூடாது என்பதையும் அப்பெயரிலேயே எழுதி வைத்துச் சென்றவன்.

இனி, ஊரணி என்றே ஓர் ஊர் உண்டு. உவர் நிலத்தின் அருகே குடிநீர்க் குளம் எத்துணை அரிய செல்வம் என்பதை அச்சொல்லினும் தெளிவாக எந்த நூல் உரைக்கும்? எக்கியார்குப்பம், அனிச்சங்குப்பம், நடுக்குப்பம் என வரும் குப்பங்கள் எளிய உழைப்பாளரின் ஊர்கள். பாக்கம் என்பது கடற்கரைச் சிற்றூர். பட்டினம் என்பது கடற்கரைப் பேரூர். அளம் என்பது உப்பு விளையும் வயல். ஊர்ப்பெயர்களின் ஈற்றை மட்டும் எண்ணிப் பார்த்தாலே, எது கடலோரம், எது கழியோரம், எது மேட்டுநிலம் என்பது விளங்கி விடும். வரைபடம் என்னும் தாள் தோன்றுமுன்னரே தமிழன் தன் நாட்டின் வரைபடத்தை நாவில் வைத்திருந்தான்!

புலவர் காட்டிய வழி

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளையுடையது. அதனைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அவர் பெயரைச் சற்று நின்று நோக்குக. இடைக்கழிநாடு என்பது கழிகளுக்கு இடைப்பட்ட நாடு. மரக்காணத்திற்கு வடக்கே, இற்றைச் செங்கற்பட்டு மாவட்டத்தில், அதே பெயருடன் அது இன்றும் ஒரு பேரூராட்சியாக உள்ளது. ஒரு புலவரின் பெயர் அடையே நிலநூல் பாடமாக நிற்கும் மொழி இது!

அப்புலவர் ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் பாணனுக்கு வழி கூறுகின்றார். முதலில் மதிலின் பெயரைக் கொண்ட பட்டினம், அதாவது எயிற்பட்டினம். அங்கே பரதவர் தேறலும் சுட்ட மீனும் தந்து விருந்து செய்வர். அடுத்து வேலூர், அங்கே எயிற்றியர் புளியிட்டுச் சமைத்த சோற்றை ஆமான் சூட்டிறைச்சியுடன் தருவர். அடுத்து ஆமூர், அங்கே உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கும். இறுதியில் கிடங்கில் என்னும் தலைநகர். எயிற்பட்டினம் மரக்காணமே என்றும், வேலூர் உப்புவேலூர் என்றும், ஆமூர் நல்லாமூர் என்றும் ஆராய்ந்தோர் பலர் கூறுவர். கிடங்கிலோ திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இன்றும் கிடக்கின்றது. கிரேக்கக் கடலோடி ஒருவன் ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய கடற்பயணக் குறிப்பில் சோபட்மா என்ற துறைமுகம் வருகின்றது. சோ என்பதும் மதிலைக் குறிக்கும் தமிழ்ச்சொல்லே ஆதலின், அது எயிற்பட்டினத்தையே சுட்டும் என்பது அறிஞர் சிலரின் துணிபு.

எயில் என்பது மதில். கிடங்கு என்பது அகழி. கடற்கரையில் மதிலின் பெயரால் ஒரு பட்டினம். உள்நாட்டில் அகழியின் பெயரால் ஒரு தலைநகர். இரு பெயரையும் சேர்த்து வைத்தால் ஒரு நாட்டின் அரணே கண்முன் எழுகின்றது. இவற்றில் ஒன்றேனும் அயலாரிடமிருந்து இரவல் பெற்றதா? இல்லை. உணவும் தொழிலும் வழியும் மண்ணும் அரணும் எல்லாம் தமிழாலேயே சொல்லப்பட்டு நிறைவெய்தின.

திரித்தவர் யார்?

அப்பெயர்கள் பின்னர் அடைந்த நிலை என்ன? கிடங்கில் என்ற தலைநகர்ப் பெயர் ஒரு பகுதியின் பெயராக ஒடுங்கிற்று. திண்டிவனம் என்னும் பெயர்க்குத் 'திந்திரிணி வனம்' என வடமொழி மூலம் காட்டிப் புளியங்காடு என்று பொருள் கூறலாயினர். புளியமரம் தமிழனுடையது, அதைச் சொல்ல மட்டும் வடமொழி வேண்டுமாம்! மரக்காணத்திற்கும் மரக்கால் ஒன்று காணாமற் போனதாக ஒரு கதை சொல்லப்படுகின்றது. ஊரைப் பற்றிய உண்மையைக் கல்லிலும் பாட்டிலும் தேடாமல் கட்டுக்கதையில் தேடும் பழக்கம் தமிழனை எத்துணைத் தாழ்த்திற்று என்பதற்கு இவை எடுத்துக்காட்டு.

இந்நோய் இக்கரையோடு நின்றதன்று. முதுகுன்றம் விருத்தாசலம் ஆயிற்று. திருமறைக்காடு வேதாரணியம் ஆயிற்று. மயிலாடுதுறை மாயூரம் ஆயிற்று. மொழிபெயர்ப்பு என்னும் பெயரால் நடந்தது ஊர்பெயர்ப்பு! உப்பு விளைவில் தூத்துக்குடியையும் வேதாரணியத்தையும் அடுத்து வைத்து எண்ணப்படுவது மரக்காணம். 1930இல் வெள்ளையனின் உப்புச் சட்டத்தை மீறத் தமிழர் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து சென்ற ஊர் திருமறைக்காடே. உப்பின் மேலிருந்த அயலான் தளை நீங்கிற்று. ஊர்ப்பெயரின் மேலிருந்த தளையோ இன்னும் நீங்கவில்லை.

வடமொழி விட்டுவைத்ததை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. பழவேற்காடு 'புலிக்காட்' ஆயிற்று. தரங்கம்பாடி 'திரான்குவிபார்' ஆயிற்று. கழுவெளி ஆங்கில எழுத்தில் நெடுங்காலம் 'கலிவெளி' என்றே எழுதப்பட்டு வந்தது. ழகரம் போயிற்று, அதனோடு கழி என்னும் பொருளும் போயிற்று. அதைப் படிப்பவன் கலி என்றோ களி என்றோ காளி என்றோ தன் விருப்பம் போலக் கொள்ளலாம். நீரோடை என்று மட்டும் கொள்ள மாட்டான்.

வடக்கே காக்கிநாடாவில் தொடங்கி மரக்காணத்தருகே முடியும் ஏறத்தாழ 796 கி.மீ. நீளக் கால்வாய் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் இக்கரையின் உப்பும் விறகும் படகுகளில் அதன் வழியே சென்றன. 1876-78ஆம் ஆண்டுகளின் கொடும்பஞ்சத்தில், பசித்த மக்களின் கைகளைக் கொண்டு அதன் ஒரு பகுதி வெட்டப்பட்டது. வெட்டியவர் பெயர் எங்கும் இல்லை. 1878இல் அதற்கு இடப்பட்டது அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பெருமகன் பெயர். வெள்ளையன் போய் முக்கால் நூற்றாண்டு கடந்தும் அப்பெயர் அரசுப் பதிவேடுகளில் அரியணை விட்டு இறங்கவில்லை!

இற்றை நாளிலோ மூன்றாவது ஒரு படையெடுப்பு நடைபெறுகின்றது. கடற்கரைச் சாலையின் இருமருங்கும் நிலத்தைத் துண்டு போட்டு விற்போர், 'பீச் சிட்டி' என்றும் 'சீ வியூ கார்டன்' என்றும் பலகை நடுகின்றனர். குப்பம் என்ற சொல் அவர்களுக்கு இழிவாம். திட்டு, கழி, வெளி என்ற சொற்களோ அவர்களுக்கு இடையூறு. ஏனெனில், அச்சொற்கள் அங்கே நீர் வரும் என்ற உண்மையை வாங்குவோன் காதில் ஓதிவிடும்.

பெயர் சோறு போடுமா?

'உப்பளத் தொழிலாளி வெயிலில் வேகின்றான். அவனுக்கு ஊர்ப்பெயரா சோறு போடும்?' என்று அறிவாளர் சிலர் கேட்பர். கேட்க வேண்டிய கேள்விதான். மறைக்காமல் விடை கூறவும் வேண்டும்.

உப்புத் தொழிலின் இயல்பை அறிந்தவர் அவ்வாறு கேட்க மாட்டார். மழை ஓய்ந்த பின் தொழிலாளர் பாத்தி திருத்துவர். சேற்றைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துவர். உவர்நீரை ஒரு பாத்தியினின்று அடுத்த பாத்திக்குப் பாய்ச்சி வெயிலில் செறிவேற்றுவர். கடைசிப் பாத்தியில் உப்புப் பூத்த பின், கண் கூசும் வெள்ளொளியில் நின்று வாரிக் கரையேற்றுவர். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் வேலை நிற்கும், கூலியும் நிற்கும். அவர்களுடைய பிழைப்பு முழுவதும் எங்கே நீர் வரும், எங்கே நிற்கும், எந்த மண் தாங்கும் என்ற அறிவின் மேல் நிற்கின்றது. அவ்வறிவைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்த கலம் தமிழ்ச்சொல்லே. சொல் சிதைந்தால் அறிவு சிந்தும்.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு 'பெஞ்சல்' புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டிற்று. விழுப்புரம் மாவட்டமே நீரில் மிதந்தது. அத்தகைய நாளில் எது மேடு, எது கழி, எது வெளி என்ற அறிவு உயிர் காக்கும் அறிவன்றோ? நீர் வழியை நீர் வழி என்றே அழைக்கும் சொல் வழக்கில் இருக்கும்வரை, அதன் மேல் சுவர் எழுப்ப வருபவன் கை சிறிதேனும் தயங்கும். அது வெறும் புல எண்ணாகவும் வெள்ளைக்காரத் தோட்டப் பெயராகவும் மாறிய அன்றே அதன் அழிவு தொடங்குகின்றது.

இன்னும் ஒன்று. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், நடுவண் அரசின் பட்டியலில், 58ஆம் உருப்படியாக உப்பு நிற்கின்றது. நடுவண் அரசின் உப்பு ஆணையர் தலைமையகம் இராசத்தானத்துச் செய்ப்பூரில் இருந்து இயங்கி வந்துள்ளது. மரக்காணத்துக் கழிநீர், மரக்காணத்து வெயில், மரக்காணத்து உழைப்பாளியின் வியர்வை. ஆனால் அதனை நெறிப்படுத்தும் உரிமையோ பாலைநிலத்துத் தலைநகரில்! தன் நிலத்தின் பெயரைத் தானே காக்க மாட்டாத இனம், அந்நிலத்து விளைவின் மேல் உரிமை கேட்டால் எவன் செவி சாய்ப்பான்?

எட்டு நாள் ஆணை

தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழொலிப்பிற்கு ஏற்ப எழுதுவதற்காக, 1018 ஊர்களின் பட்டியலுடன் ஓர் அரசாணை 2020 சூன் 10ஆம் நாள் வெளிவந்தது. தமிழர் மகிழ்ந்தனர். ஒலிபெயர்ப்பில் பிழைகள் உள்ளன என்று சிலர் எள்ளி நகைத்தனர். சூன் 18ஆம் நாளே ஆணை திரும்பப் பெறப்பட்டது. எட்டே நாள்! பட்டியலில் பிழைகள் இருந்தது மெய். பிழை இருந்தால் திருத்துவதுதானே முறை? மதிலில் ஒரு கல் பிசகி இருந்தால் கல்லைச் சரிசெய்வாரா, மதிலை இடிப்பாரா? பழம்பெயரை மீட்கும் ஆணைகூட அன்று அது. உள்ள பெயரை உள்ளபடி ஒலிக்கச் செய்யும் ஆணை மட்டுமே. அதற்கே இத்துணைத் தயக்கம் என்றால் எயிற்பட்டினத்தையும் கிடங்கிலையும் எவர் நினைவுகூர்வர்?

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். கோயம்புத்தூரைக் கோவை என்பதும் புதுச்சேரியைப் புதுவை என்பதும் தமிழ்நாவில் தமிழ் இயல்பாகத் தேய்ந்த மரூஉ. இலக்கணமே அதற்கு இடம் தந்துள்ளது. உழைக்கும் மக்களின் வாயில் ஒரு பெயர் தேய்வது ஆற்றில் கல் தேய்வது போன்றது. அது வழவழப்பாகுமே அன்றி வேறு பொருளாகி விடாது. அலுவலக மையிலும் அயலான் எழுத்திலும் பெயர் திரிவதோ கல்லை உடைத்து வேறு கல்லை வைப்பது. முன்னதைப் போற்றுக, பின்னதை மாற்றுக.

மாற்ற முடியாததா?

முடியும் என்பதற்கு வரலாறு சான்று. இந்நாட்டிற்குத் தமிழ்நாடு என்று பெயர் வேண்டி 76 நாள் உண்ணாநோன்பிருந்து 1956 அக்தோபர் 13இல் உயிர்நீத்தார் சங்கரலிங்கனார். 1969 சனவரி 14இல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. 1982இல் மாயூரம் மீண்டும் மயிலாடுதுறை ஆயிற்று. 1996இல் 'மெட்ராசு' சென்னை ஆயிற்று. எந்த வாணிகம் நின்றது? எந்தத் தொடர்வண்டி வழி தவறிற்று?

மரக்காணக் கரையிலேயே அண்மைச் சான்று ஒன்று உண்டு. 2021 திசம்பரில், ஐயாயிரம் எக்டேருக்கு மேற்பட்ட கழுவெளிப் பரப்பு பறவைகளுக்குரிய காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகத்துத் திங்களில் அது இராம்சர் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. உலகப் பட்டியலில் ஏறிய பெயர் 'கலிவெளி' அன்று; கழுவெளியே! ழகரத்தோடு எழுதியதால் உலகம் அதனை ஏற்க மறுக்கவில்லை. ஆயினும், தமிழில் அதனை எழுதும்போது 'பறவைகள் சரணாலயம்' என்று வடசொல்லைத் தூக்கி வைத்தனர். புகலிடம் என்ற சொல் தமிழில் இல்லையா? கடல்கடந்து வந்த பூநாரைக்குத் தமிழ்நிலம் புகலிடம் தருகின்றது. தமிழ்ச்சொல்லுக்குத் தமிழ்நிலத்தில் புகலிடம் இல்லை!

ஈழத்தை நோக்குவார்க்கு, பெயர்ப் பறிப்பின் முடிவு எங்கே போய் நிற்கும் என்பது விளங்கும். அங்கே 1980களில் மணலாறு என்ற தமிழ்ப்பெயர் 'வெலிஓயா' என்று சிங்களத்தில் பெயர்க்கப்பட்டது. பெயர் பெயர்ந்தபோதே மக்களும் பெயர்க்கப்பட்டனர். 2025 மார்ச்சுத் திங்களில் ஆனையிறவு உப்பளத்தின் உப்புத் தொழிலகம் திறக்கப்பட்டபோது, அங்கு விளைந்த உப்பு 'ரச லுணு' என்ற சிங்களப் பெயரைத் தாங்கி வந்தது. ஆனையிறவு உப்பு என்ற பெயரே வேண்டும் என்று தமிழ்மக்கள் குரலெழுப்பினர். போரில் அத்தனையும் இழந்த மக்கள், ஓர் உப்புப் பையின் மேலுள்ள பெயருக்காக ஏன் குரலெழுப்ப வேண்டும்? இழந்தவர்க்குத்தான் பெயரின் விலை தெரியும். இன்னும் இழக்காத தமிழகத் தமிழர்க்கு அது எப்பொழுது தெரியப் போகின்றது?

செய்ய வேண்டுவன

முழக்கம் மட்டும் போதாது, வினை வேண்டும். கழி, திட்டு, மேடு, வெளி, ஊரணி எனச் சிற்றூர் முதியோர் நாவில் வழங்கும் சிறுநிலப் பெயர்களை ஊர்தோறும் திரட்டி, வருவாய்த்துறைப் பதிவேட்டில் புல எண்ணுக்கு அருகே எழுத வேண்டும். 2020ஆம் ஆண்டு ஆணையைப் பிழை நீக்கி மீண்டும் வெளியிட வேண்டும். மரக்காணத்து நுழைவாயிலில் 'பழைய எயிற்பட்டினம்' என்றும், திண்டிவனத்தில் 'கிடங்கில் தலைநகர்' என்றும் பலகை நட வேண்டும். பஞ்சத்தில் வெட்டிய கால்வாய்க்குப் பஞ்சத்தில் பாடுபட்டோர் நினைவாகத் தமிழ்ப்பெயர் சூட்ட வேண்டும். இக்கரைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறுபாணாற்றுப்படையின் வழியை ஏட்டில் மட்டும் கற்பியாமல் காலால் நடத்திக் காட்ட வேண்டும். மனைப்பிரிவுகளுக்கு அயற்பெயர் இடுவதை ஊராட்சிகள் மறுக்க வேண்டும். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை. மானம் ஒன்றே தேவை.

கடலில் கரைந்து கிடந்த உப்பை வெயிலும் உழைப்பும் மீட்டெடுக்கின்றன. மரக்காணத்து உழைப்பாளி அதனை ஆண்டுதோறும் செய்து காட்டுகின்றான். கரைந்து கொண்டிருக்கும் பெயர்களையும் அவ்வாறே மீட்டெடுக்கலாம். உப்பை இழந்த சோற்றைத் துப்பி விடும் தமிழன், தமிழை இழந்த ஊர்ப்பெயரை மட்டும் விழுங்கிக் கொண்டிருப்பது எத்துணை நாளைக்கு?